கூடம்தான் கோணல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், உன் அப்பா நலம், அவருடைய இருமலும் அவரை விட்டுப் பிரிய மனமில்லாமல் நலமாகவே இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய், ஈரத் தலையோடு வெளியே போவதில்லை என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன். போனில் பேசும்போது உன் அப்பா பக்கத்திலேயே நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், இதையெல்லாம் எங்கே சொல்ல முடிகிறது, அதனால்தான் கடிதம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ ஆசை ஆசையாக ஸ்பிரிங் மாற்றித் தரையோடு தரையாகத் தாழ்த்தி வைத்துவிட்டுப் போன காரை உன் அப்பா மறுபடி உயர்த்திவிட்டார். ஒவ்வொரு வேகத்தடையிலும் அதன் அடிவயிறு தேய்ந்தது, அதில் உட்கார்ந்து எழுந்தால் என் முழங்காலும் தேய்ந்தது. கம்பெனி ஸ்பிரிங்குகள் மாடிப்படிக்கு அடியில்தானே கிடந்தன, தெருக்கோடி மெக்கானிக்கை வைத்து ஒரே பகலில் மாட்டிவிட்டார். உன்னுடையவை பத்திரமாக இருக்கின்றன, எண்ணெய் தடவித் தன் பழைய சட்டையில் சுற்றி வைத்திருக்கிறார், என் துணி எதையும் அவர் அவ்வளவு அக்கறையாக மடித்து நான் பார்த்ததில்லை. மெக்கானிக் போகும்போது சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள் என்று சொல்லித்தான் போயிருக்கிறார். இவர் கேட்டால்தானே. பிறந்த வீட்டு ஸ்பிரிங்கே திரும்பி வந்துவிட்டது, இனி எல்லாம் பழையபடிதான், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்.

அதே மாதம்தான் எங்கள் மருந்துக் கிடங்கை ஊருக்கு வெளியே மாற்றினார்கள். அந்தப் பக்கம் பஸ் கிடையாது, உன் அப்பாவின் அச்சகமோ நேரெதிர்த் திசை. இரண்டு மாதத்துக்குக் கிடங்கு வேன் வரும், அதற்குள் நீங்களே வந்துபோக வழி செய்துகொண்டால் நல்லது, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று மேலாளர் அம்மா தன்மையாகத்தான் சொன்னார். பதினேழு வருஷ வேலை. எந்த மாத்திரை எந்தத் தட்டில் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துக் கொடுப்பேன், எப்படி விட மனம் வரும். எப்போதோ எடுத்துப் பூட்டி வைத்திருந்த லைசென்ஸைத் தூசி தட்டினேன். உன் அப்பாதான் எனக்கு வாத்தியார். தினமும் விடிந்ததும் குளத்தங்கரைச் சாலையில் பாடம். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தால் கார் இடது பக்கம் போகிறது, நேராகப் போக வேண்டுமென்றால் வலது பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வண்டி இழுக்கிறது என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரித்தார். காகிதக் கட்டுகளைத் தூக்கித் தூக்கி இரும்பாகிப்போன கை அவருடையது, அவர் ஓட்டும்போது கார் இழுப்பது அவருக்கே உறைக்கவில்லை. ஒரு நாள் சொன்னால் வேடிக்கை, ஐந்து வாரம் அதே பழமொழி. கடைசியில் நானும் நம்பிவிட்டேன். ஒரு நாள் நடைபாதை மேலேயே ஏற்றிவிட்டேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அன்று மத்தியானமே வேலையை விடுவதாக ஒரு கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். உன் அப்பாவுக்குத் தெரியாது, உன்னிடம்தான் சொல்கிறேன்.

அதைக் கொடுப்பதற்கு முன்னால் முன் சக்கரத்தில் ஆணி ஏறியது. டயர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். வெளி ஓரம் முழுக்க வழுக்கை, உள் ஓரம் அப்படியே புதுசு. சமீபத்தில் ஸ்பிரிங் மாற்றினீர்களா, மாற்றிய பிறகு அலைன்மென்ட் செய்தீர்களா என்று கேட்டார். உன் அப்பா கூரையைப் பார்த்தார். நீ தாழ்த்தியபோது அந்த உயரத்துக்குப் பொருந்துகிற மாதிரி சக்கரங்களின் சாய்வைச் சரியாகத் திருத்தி வைத்திருக்கிறாயாம், உயரம் மாறியதும் அந்தத் திருத்தமே கோணலாகிவிட்டதாம். உன் மேல் குற்றமில்லை, நீ ஒழுங்காகத்தான் செய்திருக்கிறாய் என்று கடைக்காரரே சொன்னார். பிறகு காரை மேடையில் ஏற்றி நான்கு சக்கரத்திலும் கருவியை மாட்டினார். திரையில் எண்களெல்லாம் சிவப்பாக இருந்தன. அடியில் நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருகத் திருக ஒவ்வொன்றாகப் பச்சையாகின, முன் இடது சக்கரம் மட்டும் கடைசிவரை முரண்டு பிடித்தது. முடிந்ததும் யார் ஓட்டப்போகிறீர்கள் என்று கேட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கிளப்பினால் கார் இப்போது வலது பக்கம் போகிறது. அவர் சாலையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். "வண்டி சரியாயிடுச்சும்மா. உங்க கைதான் இன்னும் பழைய வண்டிய ஓட்டிட்டிருக்கு. கொஞ்சம் தளர விடுங்க" என்றார். விட்டேன். அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி போயிற்று. கடைக்காரரைக் கடையில் இறக்கிவிட்டோம். பின் சீட்டில் இருந்த உன் அப்பா வீட்டு வாசலில் இறங்கி, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே, "கூடம்தான் கோணல். உன் மேல தப்பில்ல" என்றார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் இப்படிச் சொல்வது இது இரண்டாவது முறை, முதல் முறை எப்போது என்று மறந்துவிட்டது. நான் உள்ளே போய்க் கைப்பையில் இருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைச் சூடு பண்ணினேன்.

போன திங்கட்கிழமை முதன்முதலாகக் கிடங்குக்கு நானே ஓட்டிப் போனேன். துணைக்கு வருகிறேன் என்று உன் அப்பா லீவு போட்டுவிட்டு வந்தார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, யார் ஓட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்து காலால் தரையை மிதித்து பிரேக் போடுகிறவர், பஸ்ஸில்கூடக் கண்ணை மூடாதவர். பாதி வழியில் பேச்சு நின்றது. என்னமோ குறை கண்டுபிடித்துவிட்டார் என்று திரும்பிப் பார்த்தால், தலையை ஜன்னலில் சாய்த்து வாயைத் திறந்து தூங்குகிறார். கிடங்கு வாசல் வந்துவிட்டது. எழுப்ப மனம் வரவில்லை. நேரம் இருந்தது, வாசலைத் தாண்டிப் போய் இன்னொரு சுற்று சுற்றி வந்தேன். இதை அவரிடம் கேட்டு வைக்காதே, வழி முழுக்க விழித்துக்கொண்டுதான் வந்தேன் என்று சாதிக்கிறார்.

நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி நடக்கட்டும், உடம்பு நீ சொன்னபடி கேட்கட்டும், நல்லவர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும். மறக்காமல் பல் டாக்டரைப் போய்ப் பார். வருகிற தேதி முடிவானதும் எழுது. விமான நிலையத்தில் டாக்சி பிடிக்காதே. நான் வந்து கூட்டிப் போகிறேன், நீ வீடு வரைக்கும் தூங்கிக்கொண்டே வரலாம்.

உன் அன்பு
அம்மா