கொசுவலைக்குள் காசித்தும்பை

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் எழுதுவது.

எதையும் மறைக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். முன்பு அனுப்பிய இரண்டு கடிதங்களும் "ஆள் இல்லை" என்று திரும்பி வந்துவிட்டன. அதனால் இதை உங்கள் தொழிற்சாலை முகவரிக்கு அனுப்புகிறேன்.

"விதை எடுக்கிறப்ப வந்துடுவேன்" என்று சொல்லி நீங்கள் விட்டுப்போன காசித்தும்பை விதையில் கடைசி ஒன்பதையும் விதைத்தேன். மூன்றுதான் முளைத்தன. மூன்றிலும் நீங்கள் ஆறு வருடம் பொறுக்கியெடுத்த அதே பூ: வெள்ளை இதழ், நடுவில் ஒரு சிவப்புக் கீற்று. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அத்தையின் ரோஸ் காசித்தும்பை நிற்கிறது. தேனீக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். கலந்துவிடாமல் இருக்க, மொட்டு விரியும் முன்பே கொசுவலைப் பை போட்டுக் கட்ட நினைத்தேன்.

தையல் மிஷினைக் கேட்டபோது அம்மா, "இந்தப் பையை உங்கப்பனுக்குல்ல கட்டியிருக்கணும்" என்றாள். சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் மூன்று பைகளையும் அவளே தைத்துக் கொடுத்தாள்.

பைக்குள் தேனீ போகாது என்பதால் மகரந்தத்தை நான்தான் தூரிகையால் தொட்டு வைக்க வேண்டும். உங்கள் பூவில் கை தவறிவிடக் கூடாதே என்று, தினமும் காலையில் அத்தை வீட்டுப் பூவில் ஒருமுறை பழகிவிட்டுத்தான் வந்தேன். அத்தைகூட, "என்னடி, என் பூவுக்குப் பவுடர் போடுறியா?" என்று கேட்டார். பழகிய கையோடு வந்து உங்கள் பூக்களுக்கு வைத்தேன். அதே தூரிகை. ஒருநாளும் கழுவவில்லை.

"செடிக்குச் செடி தூரிகையை மாற்று" என்று உங்கள் நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தது நேற்றுதான் கண்ணில் பட்டது. எதையும் படித்துவிட்டுச் செய்பவள் என்று பள்ளியில் எனக்குப் பெயர். அதற்குள் பூ ஓய்ந்து காயும் முற்றிவிட்டது.

விதையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை, எல்லாம் ஒரே பழுப்பு. பூத்தால்தான் தெரியும். ஆனால் இன்று வீட்டைக் காலி செய்கிறோம். போகிற இடம் நான்காம் மாடி, சன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். அப்பா வந்தால் இந்த வீட்டில்தானே தேடுவார் என்றேன். "அங்க தொட்டில் கட்டியாச்சாம், இங்க எதுக்கு வர்றாரு" என்றாள் அம்மா. யாருக்குத் தொட்டில் என்று நான் கேட்கவில்லை.

விதைகள் எல்லாவற்றையும் இத்துடன் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். அங்கே கொஞ்சம் மண் இருந்தால் விதையுங்கள். ரோஸ் பூத்தால் பிடுங்கிப் போட்டுவிடுங்கள், என் தப்புதான். ஒரே ஒரு செடி வெள்ளையாகப் பூத்தாலும் ஒரு வரி எழுதுங்கள். புது முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்

லாரி வந்துவிட்டது. இந்த வரியை வாசலில் நின்று எழுதுகிறேன். அம்மா ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே வந்தாள். கூடத்து விளக்கையும் இப்போது அணைத்துவிட்டாள்.