நோவு எந்த லெவலில்?

என் அன்பு எஸ்தர் அக்கா,

நீ மண்ணுக்குள் போன பிறகும் ஆஸ்பத்திரியில் உன் பேச்சுதான். பிளேக் உன்னைக் கொண்டுபோயிற்று. உன் பெயரை அது தொடவில்லை. சொல்ல வெட்கம்தான், எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

நம் வம்சத்தில் முதன்முதலாக மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கிய பெண்கள் நாம் இருவர். அதிலும் நீ முந்தி. தீக்காயக் குழந்தையிடம் எவ்வளவு வலிக்கிறது என்று நான் கேட்டால் அழுகைதான் பதில். நீயோ, "நோவு எந்த லெவல்ல கீது?" என்று கேட்டாய். தங்கச் சுரங்கத்தில் லெவல் லெவலாக இறங்க இறங்கச் சூடு கூடும் என்பது இந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். முதல் லெவல் என்றால் லேசான வலி. அடி லெவல் என்றால் தாங்க முடியாதது. பெரிய டாக்டர்கூட அதைக் கேட்டுத்தான் அபின் மருந்து கொடுக்கிறார். எனக்கு ஏன் அது தோன்றவில்லை, அக்கா?

போன வாரம் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து முனியம்மா என்ற சிறுமி வந்தாள். களிக்கு வைத்த உலை கவிழ்ந்து கை முழுதும் வெந்திருந்தது. கட்டு மாற்ற வேண்டும்.

"எந்த லெவல் பாப்பா?" என்றார் பெரிய டாக்டர்.

"மொதல் லெவலுங்க."

"அப்ப மருந்து வேணாம். சின்னப் பசங்களுக்குத் தேவையில்லாம அபின் ஆகாது. கட்டைப் பிரிம்மா."

அவள் அழவில்லை. ஆனால் கால்விரல்கள் மடங்கி இறுகியிருந்தன. துணியைத் தொட்ட கையை எடுத்துவிட்டேன்.

"உங்கப்பாவுக்கு எந்த லெவல்ல வேலை?" என்று அவளிடம் கேட்டேன்.

"மொதல் லெவல்லதாங்க்கா பாறை உழுந்து செத்துட்டாரு. அத்தவிட இன்னா நோவு கீது?"

அவளுக்கு முதல் லெவல்தான் தாங்க முடியாத நோவு. நான் யாரிடமும் குரல் உயர்த்தியவள் இல்லை, உனக்கே தெரியும். "மருந்து குடுத்தே ஆகணும் சார்," என்றேன். கொடுத்தார். உன் அளவுகோல் தவறிய இடத்தை நான் கண்டுபிடித்தேன் என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

கண் சொருகுமுன் முனியம்மா என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் எஸ்தர் அக்காவா? எங்க கூலி லைன் வூட்டுல சொன்னாங்க, அவங்க நோவாம கட்டு போடுவாங்கன்னு."

தலையாட்டினால் நிம்மதியாகத் தூங்குவாள். ஆட்டினேன். எனக்கு உள்ளே எப்படி எரிந்தது தெரியுமா? எந்த லெவல் என்று மட்டும் கேட்காதே.

இனி ஒவ்வொரு குழந்தையிடமும் முதலில் வீட்டைப் பற்றிக் கேட்பேன், பிறகுதான் லெவலை. கேள்வி உன்னுடையதாகவே இருக்கட்டும். ஆனால் கை ஆறி முனியம்மா வீட்டுக்குப் போகும் நாளில், என் பெயரைச் சொல்லித்தான் அனுப்புவேன்.

இன்னமும் உன் பின்னாலேயே ஓடிவரும்
தங்கை லீதியா