உச்சிக்குக் கொஞ்சம் கீழே

அக்கா,

இன்று காலை எங்கள் மோர்னிங்சைட் கட்டடத்தில் லிஃப்ற் திறந்ததும், வினாகிரியும் உள்ளியும் போட்டுக் காய்ச்சிய கோழியின் மணம் முகத்தில் அடித்தது. யார் வீட்டுச் சமையலோ தெரியாது, அப்படியே உங்கள் கைச்சமையல் மணம். இறங்க வேண்டிய மாடியைத் தாண்டிப் போய்விட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முதியோர் இல்லத்தில் நாங்கள் இருவரும் ஒரே ஷிஃப்ற். உடைந்த ஆங்கிலத்தில்தான் பேச்சு. ஞாயிறுகளில் உங்கள் பிலிப்பைன்ஸ் ஆட்களோடு ரொறொன்ரோவுக்கு வெளியே மலையேறப் போவீர்கள். ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். நானோ யாழ்ப்பாணத்துத் தட்டை நிலத்தில் வளர்ந்தவள். பாதியிலேயே மூச்சு வாங்கியது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"உதையும் மலை எண்டு சொல்லுறியளே அக்கா?"

"ஊர் மலையைத் தூக்கிக்கொண்டு வர ஏலாது. இருக்கிறதிலை ஏறுவம்," என்றீர்கள்.

உச்சி தெரிந்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். நாட்டுக்குப் புதிதாக வந்தவர்தான் முதலில் கால் வைக்க வேண்டும் என்பது உங்கள் குழுவின் வழக்கம். அன்று அது நான். கைதட்டினீர்கள். பிறகு வாழையிலை விரித்து, நீளமாகச் சோறு கொட்டி, எல்லோரும் ஒன்றாகக் கையால் சாப்பிட்டோம். கனடா வந்தபின் வெளியாட்கள் முன்னால் கூச்சமில்லாமல் நான் கையால் சாப்பிட்டது அன்றுதான்.

இறங்கும்போதெல்லாம் நீங்கள் ஊரில் விட்டுவந்த மகளின் கதைதான். "அவளை இங்கை கூப்பிடுற ஸ்பொன்சர் சரிவரட்டும். இதிலை முதல் கால் அவள்தான் வைப்பாள்."

சரிவந்தது. அப்போது நீங்கள் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில். அவள் வந்து இறங்கியது உங்கள் செத்தவீட்டுக்கு. எனக்கு இன்னும் கோபம் அக்கா. யாரோடு கோபிப்பது என்றுதான் தெரியவில்லை.

அந்தக் கோடையில் உங்கள் ஆட்களும் நானும் அவளை அதே மலைக்கு அழைத்துப் போனோம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான்தான் அவளுக்கு வழக்கத்தைச் சொன்னேன். அவள் அசையவில்லை.

"அம்மா இப்ப ஒரு புது இடத்துக்குப் போயிருக்கிறா. என்னைவிட அவதான் புதுசு. அவ முதல் போகட்டும்."

சொல்லிவிட்டு அங்கேயே ஒரு கல்லில் இருந்துவிட்டாள். அன்று ஒருவருமே உச்சிக்குப் போகவில்லை. அவளைச் சுற்றி இருந்து, அந்தச் சரிவிலேயே இலை விரித்தோம். அவளுக்கு நான் குழைத்துக் கொடுத்தேன், கொஞ்சம் சாப்பிட்டாள்.