முதல் தலைமுறையில் ஒன்று

மார்ச் 3
இன்றும் ஒன்றும் தேறவில்லை. கண்ணாடி பாட்டிலில் விரிசல் இருக்கிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல கணினிக்குள் ஒரு நரம்பு வலை (நியூரல் நெட்வொர்க்) வேண்டும். அதை யாரும் வரையக் கூடாதாம், தானாகவே பரிணமித்து வர வேண்டுமாம். மேலாளரின் ஆசை. (எதற்கெடுத்தாலும் 'அவசரம்' என்பார். எங்களுக்குள் அவர் பெயரும் அதுதான்.) கணினி கண்டபடி நூறு வலைகளை உண்டாக்கும். அவற்றில் தேறியதைக் கலந்து, கொஞ்சம் மாற்றினால் அடுத்த தலைமுறை. எனக்கு வாய்த்ததெல்லாம் மக்குப் பிள்ளைகள். நல்ல பாட்டிலையே உடைசல் என்கின்றன.

மார்ச் 6
செய்துவிட்டேன். அடுத்த மேசை அக்கா போன வருடம் கையால் வரைந்த வலையை முதல் தலைமுறைக்குள் நுழைத்துவிட்டேன். நூற்றில் ஒன்றுதானே? யாருக்குத் தெரியப்போகிறது?

மார்ச் 9
பிடித்துக்கொண்டது. ஜெயித்த வலை அக்காவுடையதன் வம்சம். அவசரம் எல்லாரையும் கூப்பிட்டுத் திரையில் காட்டினார், மனிதக் கையே படாதது என்று. அக்கா வெகு நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து எனக்குக் கை கொடுத்தார். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன்.

மார்ச் 10
சொல்லவில்லை.

மார்ச் 16
மாதக் கடைசியோடு அக்காவுக்கு வேலை இல்லை. வலை தானே வளரும்போது வரைய ஆள் எதற்கு என்றாராம் அவசரம். ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்? சாப்பிடும்போதுகூடக் கை துடைக்கிற காகிதத்தில் வலை போட்டுப் பார்க்கிறவர் அவர். அந்த வேலையைப் போய்…

ராத்திரி வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுங்க" என்றாள்.

மார்ச் 17
அவசரத்திடம் சொன்னேன். என்னை அனுப்பினாலும் சரி, அக்கா இருக்கட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனேன். அவர் கோபப்படவே இல்லை.

"நல்லதாப் போச்சு. அவங்க வரைஞ்சதெல்லாம் நம்மகிட்டதானே இருக்கு? இனிமே மொத்தத்தையும் போட்டுடு."

கெடுத்தது போதாதென்று வழியும் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 31
அக்கா மேசையைக் காலி செய்தார். பொறுக்க மாட்டாமல் பக்கத்தில் போய் உண்மையைச் சொன்னேன். பெட்டியில் சாமான்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"திரையில பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சுப்பா. நான் வரைஞ்சது எனக்குத் தெரியாதா? நீயா வந்து சொல்லுவேன்னு ஒரு வாரம் இருந்தேன்."

ஒரு வாரம்! வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? லிஃப்ட் வரை பெட்டியைத் தூக்கி வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

ஏப்ரல் 2
புது வேலை. பாட்டில் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் தலைமுறையில் அக்காவின் வலைகள் அத்தனையும். நான்தான் போட்டேன். காலையில் ஓடவிட்டது, மத்தியானத்துக்குள் தேறிவிட்டது. அவசரம் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.