இங்கே கப்பல் நிறுத்தக் கூடாது

என் செல்லக் கோபத்துக்குரிய நைனாவுக்கு,

மேலே போன இடத்தில் கேட்டைத் திறந்து உடனே உள்ளே விட்டார்களா, இல்லை அங்கேயும் ரெண்டு நாள் நிற்க வைத்தார்களா? அம்பத்தூர் கம்பெனிகளின் கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், வாசலுக்கு ரெண்டு மைல் முன்னாடியே லாரியை அணைத்துவிட்டு, அதன் அடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்கின ஆள் நீ. உனக்கு வரிசை புதுசு இல்லை.

இங்கே சேதி என்னவென்றால், நம் கரையான்சாவடி வீட்டு வாசலுக்கு ரோடு இன்னும் வரவில்லை.

நாலு வருஷம் முன்னாடி ஜீப்பில் வந்து, தெருவோரம் கல் நட்டு, மஞ்சள் பெயின்ட்டில் ‘து.சா. 12’ என்று எழுதிவிட்டுப் போனார்களே, ஞாபகம் இருக்கா? துறைமுகச் சாலை. வடக்கே புதுத் துறைமுகம், பெங்களூர் ரோட்டிலிருந்து நேரா அங்கே போக வழி, இனிமே ஊருக்குள்ளே போய்ச் சாக வேணாம் என்று குதித்தாய். பன்னெண்டு என்றால் பன்னெண்டு மாசம் என்று முடிவும் நீயே கட்டினாய். பக்கத்து வீட்டுப் பாய் வாசல் கல்லில் பதிமூணு. “எனக்கு ஒரு மாசம் சேத்துக் குடுத்துகிறாங்க டிரைவரே” என்று அவர் சிரித்தார்.

முன்னாடி ஒரு ரூம் கட்டத் தோண்டின பள்ளத்தை அன்றைக்கே மூடச் சொன்னாய். ரோடு வரும் இடத்தில் ஒரு செங்கல் வைக்கக் கூடாது என்றாய். கல் நட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நிற்பது அவ்வளவு பழகிப்போச்சா?

நீ போய் ரெண்டு வருஷம். போனதும் அந்த வரிசையில்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் மேல் நீ சாய்ந்தபோது முன்னாடி லாரி, பின்னாடி லாரி. கிளீனர் மணி அண்ணன் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். எவ்வளவு தூரம் என்று நான் இன்னும் அவரிடம் கேட்கவில்லை.

அந்த ரோடு எட்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் என்று நியூஸில் சொன்னார்கள். எட்டாது என்பது பேரிலேயே இருந்தது, நமக்குத்தான் காதில் விழவில்லை. தொலைநோக்கு என்கிறார்கள், எல்லாம் தொலைந்த பிறகு நோக்குவார்கள் போல. துறைமுகமாம். துறை இருக்கிறது, முகத்தைத்தான் ஒருத்தரும் காட்டவில்லை. அவர்கள் போடுவது திட்டம், அம்மா எனக்குப் போடுவது திட்டு. நேரத்துக்கு வந்து சேர்வது ரெண்டாவது மட்டும்தான்.

அக்காவுக்கு வளைகாப்பு முடிந்தது. பிரசவத்துக்கு அடுத்த வாரம் இங்கே வருகிறாள். எங்கே படுக்க வைப்பது? இருக்கும் ஒரே ரூமில் கட்டில் போட்டால் கதவு மூடாது. அம்மா சமையக்கட்டில் காலை மடக்கிக்கொண்டு தூங்குகிறாள். முன்னாடி கட்டலாம்மா என்றால், “உங்க நைனா சொன்ன சொல்லுடா” என்று வாயை அடைத்துவிடுவாள். அந்த இடத்தில் அவரைக்காய்ப் பந்தல்கூடப் போட விடவில்லை.

கடுப்பில் ஒரு பலகை எழுதி அங்கே நட்டேன். ‘துறைமுகச் சாலை வரும் இடம். இங்கே கப்பல் நிறுத்தக் கூடாது.’

மூணாம் நாள் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கின அதிகாரி, “எவன்டா எழுதினது?” என்றார்.

“நான்தான் சார். கப்பல் எதாச்சும் வந்துச்சா?”

ஓங்கின கை, அம்மா வெளியே வந்ததும் இறங்கியது. அம்மா கேட்டாள்: “பன்னெண்டு மாசம்னு எழுதிட்டுப் போயி நாலு வருசம் ஆச்சுங்களே. ரோடு எப்ப வரும்?”

அவர் கல்லைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். “மாசமா? அது கல்லோட நம்பர்மா. அந்தாண்ட பதினொண்ணு, இந்தாண்ட பதிமூணு.”

“அப்ப ரோடு?”

“பரிசீலனையில இருக்கு.”

“நாங்க ஒரு ரூம் கட்டிக்கலாமா?”

“கட்டலாம்னும் ஆர்டர் இல்ல, கட்டக் கூடாதுன்னும் ஆர்டர் இல்ல” என்று ஏறிப் போய்விட்டார்.

அம்மா கல்லுக்கிட்டே போய் நின்றாள். “அந்த மனுசன் கல்லு நம்பரைக் காலண்டரா படிச்சதுக்கு, நான் நாலு வருசமா காலை நீட்டாம படுத்துகினு கீறேன்.”

மதில் மேலிருந்து பாய், “அப்ப எனக்கு அந்த ஒரு மாசம் கெடையாதா?” என்றார்.

அம்மா சிரித்தாள் நைனா. சிரித்தவள் அப்படியே வாசப்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூடின முகத்தோடே சொன்னாள்: “போயி கொத்தனாரைக் கூட்டிக்கினு வா.”

வெள்ளிக்கிழமை பள்ளம் தோண்டுகிறோம். பிரசவத்துக்கு முன்னே கூரை ஷீட் ஏற்றிவிடலாம் என்கிறார் கொத்தனார். உன் சொல்லை மீறிவிட்டோம் என்று அம்மாவின் கனவில் வந்து சண்டை போடாதே. போடுவதென்றால் என்னிடம் வா.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். அந்த ரோடு என்றைக்காவது நிஜமாகவே வந்தால், அந்தச் சுவரில் முதல் கடப்பாரை என்னுடையதுதான். அக்கா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, நிற்காமல் போகும் லாரிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுவேன். வரட்டும் முதலில்.

வரிசையில் நிற்கத் தெரியாத,
உன் சின்ன மகன்