கூடையில் இறங்கிய போன்

மார்ச் 4, செவ்வாய்

நான் போனை வீசி எறியவில்லை. இந்தக் கட்டடம் முழுக்க அப்படித்தான் பேசுகிறது. பெய்ரூட்டில் எல்லாரும் ரொட்டி வாங்கக் கயிற்றில் இறக்கும் அதே கூடையில் வைத்து, மூன்றாம் மாடியிலிருந்து பத்திரமாக, மளிகைக்கடை அபு தோனியிடம் இறக்கினேன். மேல்வீட்டு செலீனுக்கு நான் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் ஒரு மணி நேரத்தில் அவள் பதினொரு முறை தன் போனைப் பார்த்தாள். எண்ணினேன்.

அபு தோனி கீழேயிருந்து கத்தினான்: "மதாம், இதுக்கு எத்தனை கிலோ வெங்காயம் போடட்டும்?" தெருவே சிரித்தது. செலீன் அழுதுகொண்டே கீழே ஓடி, போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 6

பாடத்துக்கு வரவில்லை. சொல்லி அனுப்பக்கூட இல்லை.

மார்ச் 9

அவள் தாய் ஹனான் வந்தாள். நான் காப்பி கொடுக்கவில்லை. பெண் சாப்பிடுவதில்லையாம், பள்ளிக்கும் போவதில்லையாம். பதினாறாவது பிறந்தநாளுக்கு மூக்கைச் சிறிதாக்கும் அறுவைசிகிச்சை பரிசாம்! ஏப்ரல் இரண்டாம் தேதி.

"அந்த மூக்குக்கு என்ன குறைச்சல்?"

"அதை நீங்க கேக்கறீங்களா மதாம்? வகுப்பே போன்ல அவளைக் கேலி பண்ணுது."

"போனைப் பிடுங்கு. மூக்கை விடு."

கதவை அறைந்துவிட்டுப் போனாள். முட்டாள்.

மார்ச் 12

அபு தோனி தன் போனை நீட்டினான். "மதாம், ஊரே உங்களைத்தான் பாக்குது!"

அதில் ஒரு வீடியோ: என் பால்கனி. என் குரல். கிறிஸ்துமஸ் காப்பியின்போது நான் சொன்னது: "செலீன் வர்றதுக்கு முன்னாடி அவ மூக்கு வந்துடும்." படம் எடுத்தவள் செலீன். வேடிக்கை என்று நம்பி அவளேதான் போட்டிருக்கிறாள். அதன் கீழே எழுநூறு பேர் எழுதியிருக்கிறார்கள்: 'மூக்கு வந்தாச்சா?'

என் காலத்தில் ஒரு கெட்ட சொல் படிக்கட்டு இறங்குவதற்குள் செத்துவிடும். இதற்குச் சாவே இல்லையா?

அந்த எழுநூறு பேரையும் நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் ஆரம்பித்தது — நான். இந்த நாக்குக்காகக் கன்னியர் மடப் பள்ளியில் நூறு முறை எழுதவைத்தார்கள். போதவில்லை.

மார்ச் 15

மேலே போய்க் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து செலீன்: "மூக்குதான் முன்னாடியே வந்துடுச்சே. இன்னும் என்ன வேணும்?"

படியிறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 30

செலீன் வீட்டுக் கூடை ரொட்டியோடு மேலே போகும்போது கயிற்றைப் பிடித்து நிறுத்தினேன். "ரொட்டித் திருடி!" என்று ஹனான் கத்தினாள். என் கடிதத்தை அதில் வைத்த பிறகுதான் கயிற்றை விட்டேன். நகல்:

"செலீன், நான் சொன்னது வேடிக்கை அல்ல, கொடுமை. நாளை நான்கு மணிக்கு என் பால்கனியில் நின்று, தெரு கேட்க, உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அதையும் படம் எடுத்துப் போடு. மூக்கு உன்னுடையது. ஆனால் என் வாய்க்காக அதை வெட்டிக்கொள்ளாதே. நாளை வருவாயா? உங்கள் கூடை என் பால்கனியைத் தாண்டித்தான் இறங்குகிறது. பதிலை எழுதி அதில் வை. பிரெஞ்சில் பிழை இருந்தாலும் திருத்த மாட்டேன்."