பந்தி இல்லாத கல்யாணம்

ஆவணி, வெள்ளிக்கிழமை

வேலை பார்த்த மில் மூடியபின் ராஜபாளையத்தில் எங்கள் பயிற்சி மையத்துக்கு வந்து வீடியோ எடிட்டிங் கற்ற மாரீஸ்வரிக்கு இதுதான் முதல் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டுடியோ ஒன்று கொடுத்த கல்யாண வீடியோ. காலையில் ஸ்டுடியோக்காரர் போனில் கத்தினார்.

“மேடம், பந்தி மொத்தத்தையும் வெட்டிட்டாவ. பொண்ணோட அப்பா சண்டைக்கு வாராரு. வேற ஆளை வைங்க.”

இவளை மாற்றினால் மற்ற பெண்களை எந்த ஸ்டுடியோ நம்பும்? அவளே சரிசெய்வாள் என்று சொல்லிவிட்டேன்.

மாரீஸ்வரி அசரவில்லை. “வாயைத் தொறந்து திங்கிறதைப் போயி படம் காட்டுவாகளாக்கா? கண்ணு பட்டுராது?”

ஸ்டுடியோக்காரர் சொன்ன விஷயத்தைச் சொன்னேன். பெண்ணின் தாய்மாமா அந்தக் குடும்பத்தோடு பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். கல்யாணத்துக்கு வந்து பந்தியில் கை நனைத்திருக்கிறார். அப்பா தேடுவது அதைத்தான்.

“அட, இதை மொதல்லயே சொல்லியிருந்தா அவியளத்தான நல்லாக் காட்டியிருப்பேன்!”

மதியத்துக்குள் பந்தி திரும்பி வந்தது. மற்றவர்கள் இலை முன்னால் உட்கார்ந்து சிரிப்பதோடு சரி. தாய்மாமா மட்டும் பாயசத்தை வழித்துச் சாப்பிடுகிறார், கடைசி விரல் வரை, ஸ்லோமோஷனில்.

எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனாலும் கை வைக்காமல் அனுப்பினேன். சாயங்காலம் வரை உறுத்திக்கொண்டே இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஸ்டுடியோக்காரரிடமிருந்து போன் வந்தது.

“பொண்ணோட அப்பா அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்காரு மேடம். கண்ணைத் தொடச்சிக்கிடுதாரு. அடுத்த கல்யாணத்தையும் அந்த அக்காட்டயே குடுக்கலாமா?”

மாரீஸ்வரிக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.